கோமுவின் கூந்தல்

சங்குமேட்டில் போர்வெல் தண்ணீர் கரித்துப்போன வருஷம் பெண்களுக்கெல்லாம் முடி கொட்டத் தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் துண்டில் முடி, கூட்டினால் விளக்குமாற்றில் முடி, குழம்பில் முடி, ஆண்களின் சட்டைப் பித்தானைச் சுற்றிக்கொண்டு முடி, தெருமுனைச் சாக்கடையின் வாயை அடைத்துக்கொண்டு பூனைக்குட்டிபோலச் சுருண்டு கிடக்கும் முடி என்று ஊரெல்லாம் முடியாய்க் கிடந்ததே ஒழிய, பெண்களின் தலையில்தான் முடி இல்லை. உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. உப்பைக் கொண்டு பிழைக்கிற ஊர். அந்த உப்பே மண்ணுக்குள் ஊறிக் குழாய்வழி ஏறி வந்து தலையில் இறங்கியபோது யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல், பெண்கள் வகிட்டை மாற்றி எடுத்துப் பார்த்தார்கள், சவுரி வைத்துப் பார்த்தார்கள், செம்பருத்தி இலையையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசிப் பார்த்தார்கள், கடைசியில் சுகாதார நிலையத்துக்கு வருகிற டாக்டரம்மாவிடம் போய் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அந்த வரிசையில் தங்கபுஷ்பமும் இருந்தாள். உப்புக் கம்பெனி ஆபீசில் லாரிகளுக்கு பில் போடுகிற வேலை அவளுக்கு. புருஷன் தனசிங் அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளையில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஊரும் ஓய்ந்து அவளும் ஓய்ந்து, இப்போது அந்தப் பேச்சு வீட்டில் யாரும் உட்காராத நாற்காலிபோல ஒரு மூலையில் கிடந்தது. உப்புத்தண்ணீர் போதாதென்று அந்தக் கோடையில் டைபாய்டும் வந்து, மிச்சமிருந்த முடியில் பாதியைக் கொண்டுபோனது. ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் மண்டை தெரிகிறது என்று சுவரோரமாய் மேசையை நகர்த்திப் போட்டுக்கொண்டவள் அவள்.

டாக்டர் மெஹருன்னிஸா எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இரும்புச்சத்து கொறவா இருக்கு, அதுக்கு மாத்திரை தர்றேன். காய்ச்சல்ல போன முடி தன்னால வந்துரும், கொஞ்சம் பொறுங்க. கடையில விக்கிற முடி மாத்திரையெல்லாம் உடம்புல என்ன குறை இருக்கோ அதை நிரப்பும், அவ்வளவுதான். குறையே இல்லாத உடம்புல அது ஒண்ணும் செய்யாது.”

“குறையில்லாத உடம்பு இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பெண்கள் நேராக அருள்ராஜ் மெடிக்கலுக்குப் போனார்கள். அருள்ராஜ் தேன்நிறத்தில் கண்ணாடிபோல மின்னுகிற கேப்சூல் புட்டிகளைக் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் அடுக்கியிருந்தான். பயோட்டின், துத்தநாகம், மீனெண்ணெய், இன்னும் வாயில் நுழையாத என்னென்னவோ. காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒன்று. சங்குமேட்டு வீடுகளில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புட்டி ஒரு பாத்திரமாகவே ஆகிப்போனது. விழுங்கிவிட்டுப் பெண்கள் ஏப்பம் விட்டால் மீன்வாசனை அடித்தது. கடலோர ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் முளைத்தது ஸ்டெல்லாவுக்கு. தங்கபுஷ்பத்தின் அடுத்த வீட்டுக்காரி, இருபது வயதைத் தாண்டி இரண்டொன்று ஆனவள், கல்யாணம் பேசியிருந்த பெண். அவளுக்குக் கருகருவென்று நீளமாய்த்தான் முடி இருந்தது; இப்போது முளைத்ததோ வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக, பஞ்சுமிட்டாய்போலப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளுடைய அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அருள்ராஜ் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டானா என்று கேட்கப் போகும்போதுதான் எதிர்வீட்டு பாக்கியநாதன், தபால் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர், பால்பாக்கெட்டோடு தெருவில் வந்தவர், ஸ்டெல்லாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து, அனுமதி கேட்கிற மாதிரி கையை நீட்டி, தொடாமலே நிறுத்தி, மூக்கால் ஒருமுறை இழுத்தார். யூகலிப்டஸ் தைல வாசனை வந்தது.

“இது எங்க வீட்டுக்காரி முடி,” என்றார். “லூர்தம்மா கடைசிவரைக்கும் தலைவலிக்கு இந்தத் தைலத்தைத்தான் தேய்ச்சா. பின்மண்டையில ஒரு தழும்பு மாதிரி சுருள் எதிர்ப்பக்கமாத் திரும்பியிருக்கும், பாருங்க.”

பார்த்தார்கள். திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலையாக முளைத்தது. முளைத்ததெல்லாம் செத்துப்போன பெண்களின் முடி. ஒருத்திக்கு அவள் பிறக்குமுன்னே அலையில் போன பெரியம்மாவின் இடுப்பளவுக் கூந்தல் வந்தது. இன்னொருத்திக்குப் பிரசவத்தில் போன சிநேகிதியின் மெல்லிய முடி. சத்துணவு சமைக்கிற மரகதத்துக்கு, ஆயுசு முழுக்க அவள் சண்டை போட்ட மாமியாரின் எலிவால் கொண்டை வந்து உட்கார்ந்துகொண்டு, எந்தப் பின்னைக் குத்தினாலும் நழுவியது. “செத்தும் என் தலைமேலதானா ஏறி உக்காரணும்?” என்று மரகதம் திட்டினாள். திட்டிக்கொண்டே, யாரும் பார்க்காதபோது அதற்கு விளக்கெண்ணெய் வைத்தாள், கிழவிக்கு அதுதான் பிடிக்கும் என்று. முடி, அதன் சொந்தக்காரி கடைசி நாளில் எப்படி இருந்தாளோ அப்படியே வந்தது. நரை இருந்தால் நரையோடு, சிக்கு இருந்தால் சிக்கோடு, அடுப்பங்கரைப் புகையோடு, ஆஸ்பத்திரி டெட்டால் வாசனையோடு. ஞாபகமோ கனவோ எதுவும் கூட வரவில்லை. முடி மட்டும்தான் வந்தது.

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதல் சில வாரம் பயந்தார்கள். பிறகு முறை வந்தது, மரியாதை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இறந்தவளின் வீட்டார் எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாக வருவார்கள். முடி சுமக்கிறவள் வாசலில் மணைபோட்டு உட்கார்ந்து தலையைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் வேண்டாமென்று சொல்லக்கூடாது. வருகிறவர்கள் முடியிடம் பேசலாம், முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. பாக்கியநாதன் சாயங்காலம் ஸ்டெல்லா மாடியில் தலை உலர்த்தும்போது வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஸ்டெல்லாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையே அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மாடியில் போட்டுவைத்தான். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார், ஆனால் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மன் கோயில் பூசாரி, முடி காணிக்கை கொடுக்க வந்தவர்களிடம் “இது உங்க முடியா இருந்தா எடுக்கேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். பஜாரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற பெண், எப்படி வெட்டணும் என்று கேட்பதை விட்டுவிட்டு, “யாரோடது?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள். டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னார்கள். அவர் ஒரு புட்டியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார் என்று அருள்ராஜ் பிறகு சொன்னான்.

எல்லாருக்கும் முளைக்கிற முடி யாருடையது என்று தெரிந்துகொள்வதில் ஓர் அழுகை இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. ஒருத்திக்கு மட்டும்தான் அது தலைகீழாக இருந்தது. அவள் பேச்சித்தாய்.

பேச்சித்தாய் கருவாடு விற்கிறவள். தலையில் ஓலைப்பெட்டியோடு அவள் ஏறாத படி சங்குமேட்டில் இல்லை. அவளுடைய ஒரே மகள் கோமதி, ஊருக்குக் கோமு, பல வருஷத்துக்கு முன், பதினெட்டு வயதில், திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வேலைக்கு என்று சொல்லி பஸ் ஏறியவள், அந்தக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தகவலும் இல்லை. போலீசும் தேடிக் கைவிட்டது, சொந்தபந்தமும் தேடிக் கைவிட்டது, தேடியலைந்த தகப்பனும் போய்ச் சேர்ந்தான். பேச்சித்தாய் மட்டும் மகள் கொண்டுபோன செல்போன் நம்பருக்கு மாசம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் கோமு எதிலிருந்து கூப்பிடுவாள்? ரேஷன் கார்டில் மகள் பெயரை நீக்கச் சொன்ன அதிகாரியிடம், “நீக்குனா நான் இங்கயே படுத்துக்கிடுவேன்” என்று தாலுகா ஆபீஸ் வாசலில் படுத்தவள்.

இப்போது ஊரில் எந்தத் தலையில் புதுமுடி கண்டாலும் பேச்சித்தாய் பெட்டியை இறக்கிவைத்து, “ஏட்டி, தலையக் காட்டு, பாக்கட்டும்” என்பாள். விரல்விட்டுக் கோதிப் பார்ப்பாள். கோமுவின் முடி இல்லையென்று தெரிந்ததும் அவள் முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிடும். “இல்லடி தாயி, இல்ல!” என்று சொல்லிச் சிரித்து, ஒரு கை நெத்திலியைக் கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். யாருடைய முடியும் வரட்டும், அவள் மகளுடையது வராதவரை மகள் உயிரோடு இருக்கிறாள். சங்குமேட்டில் அந்த மாத்திரையால் உண்மையாகவே சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

தங்கபுஷ்பத்துக்குத் தாமதமாகத்தான் முளைத்தது. முதலில் நெற்றியோரத்தில் அரும்பியதைப் பார்த்தபோது செம்பு நிறமாய் இருந்தது. அதில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோளைத் தொடும் அளவு வளர்ந்த பிறகு ஒரு காலையில் கண்ணாடி முன் நின்று வகிடெடுத்தாள். சீப்பு இடதுபக்கம் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு இரட்டைச் சுழி. எந்தப் பக்கம் படியவைத்தாலும் எதிர்த்து எழுந்து நின்றது.

அந்தச் சுழி அவள் விரலுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அவளும் கோமுவும்தான். பிரேயருக்கு மணி அடிக்குமுன் கோமுவின் கலைந்த சடையை அவிழ்த்து அவள்தான் பின்னிவிடுவாள், ஒவ்வொரு நாளும் அந்தச் சுழியோடு சண்டை போட்டு, எச்சில் தொட்டுப் படியவைத்து, “ஒன் தலையில பேய் குடியிருக்குட்டி” என்று திட்டி. கோமு வலிக்கிறது என்று கத்துவாள், பிறகு அவள் தோளில் சாய்ந்துகொள்வாள். அந்தத் தலை இப்போது அவள் கழுத்தின்மேல் இருந்தது.

தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கோமு செத்துவிட்டாள் என்று இந்த உலகத்தில் தெரிந்த முதல் ஆள் தான்தானோ என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நிமிஷம் தெருவில் “கருவாடு... நெத்திலி, சாளை...” என்று குரல் கேட்டது. எழுந்து ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மாத்திரையை நிறுத்தினாள், முடி நிற்கவில்லை. லோடு போய்விட்டு வந்த தனசிங்கை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அவன் தாடி மழிக்கிற மெஷினால் தலையை வழிக்கச் சொன்னாள்.

“நல்லா அழகாத்தான வளந்திருக்கு. எதுக்கு புஷ்பம்?” என்றான் அவன்.

“கோமுவோடது.”

அவன் கையிலிருந்த மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்றும் கேட்காமல் வழித்துவிட்டான். விழுந்த முடியைக் கூட்டி எங்கே போடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. குப்பையில் போட மனசில்லாமல், எரிக்கப் பயந்து, ஒரு புதுத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தான் தனசிங். அந்த வாரம் முடியுமுன் முடி பழையபடி தோளைத் தொட்டது, அதே சுழியோடு, அதே செம்போடு. மறுபடி வழித்தார்கள். மறுபடி வந்தது, இம்முறை இன்னும் நீளமாக. “விட்டுரு,” என்றான் தனசிங். “அவ போகமாட்டா போல.”

அன்றிலிருந்து தங்கபுஷ்பம் முக்காடு போட்டாள். கோயிலுக்குப் போகும்போது போடுகிற முக்காடுதானே என்று ஆபீசுக்கும் போட்டாள், கடைக்கும் போட்டாள். வீட்டில் தனியாக இருக்கையில் அந்த முடியை அவிழ்த்து வாரும்போது, தன்னுடைய தலையை வாருகிறோமா, முன்னால் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தியின் தலையையா என்று கைக்கே குழம்பும். சீப்பை இழுத்தால் தினமும் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு இழை இழையாய் வந்தது. துவைத்தாலும் அலசினாலும் மறுநாள் காலையில் அதே பஞ்சு, அதே மெஷின் எண்ணெய் வாசனை. காதோரத்தில் நரை ஓடியிருந்தது. ஒருநாள் அரித்தது, பார்த்தால் பேன். பிள்ளையில்லாத வீட்டில் பேன் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அவமானமாகக்கூட இருந்தது. மருந்து போட்டாள், போகவில்லை.

ஸ்டெல்லா ஒருநாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். தங்கபுஷ்பம் கொல்லைப்புறத்தில் தலைதுவட்டிக்கொண்டிருந்தபோது, காற்றில் அந்தச் செம்பு முடி விரிந்ததை, மேலே நின்று, பாக்கியநாதனின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து. ஸ்டெல்லாவுக்குக் கோமுவைத் தெரியாது. ஆனால் கோமு வளர்ந்ததைப் பார்த்திருந்த பாக்கியநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இருவரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்டெல்லா தன் வெள்ளைச் சுருள்முடியின்மேல் சேலைத்தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர்க்குழாய்க்கு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “உப்பளத்துத் தூசி கண்ணக் கரிக்கு” என்றாள்.

அதற்கடுத்த நாள் மரகதம் முக்காடு போட்டாள். பிறகு பால்காரி, பிறகு பஞ்சாயத்துத் தலைவரின் மனைவி. யார் யாரிடம் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, சொல்லிக்கொண்டார்களா என்பதே தெரியாது. ஆனால் ஒரு வாரத்துக்குள் சங்குமேட்டில் முக்காடில்லாத பெண் இல்லை. பள்ளிவாசல் தெருப் பெண்கள், “இப்பவாவது ஒங்களுக்குப் புத்தி வந்துச்சே” என்று சிரித்தார்கள், பிறகு விஷயம் தெரிந்து சிரிப்பதை நிறுத்தி, தங்கள் முக்காடுகளை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சடங்கு கதவடைத்து உள்ளே நடந்தது. பஜாரில், பஸ்ஸில், தண்ணீர்க்குழாயடியில், ரேஷன் வரிசையில் மூடின தலைகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. ஒரு தலையை ஒளிப்பதற்காக ஊர் தன் எல்லாத் தலைகளையும் ஒளித்துக்கொண்டது. அந்த நாட்களில் ஊரில் சத்தமே குறைந்துபோனது. கருவாட்டுக் குரல் கேட்டால் தெருவில் நிற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பாராமல் வீட்டுக்குள் போனார்கள்.

பேச்சித்தாய் சில நாள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு, மூடிய தலைகளுக்கு நடுவில், எல்லாருக்கும் எடைக்குச் சரியாக, ஒரு நெத்திலிகூடக் கூடாமல் கருவாடு போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனசிங் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குள் வந்தாள். பெட்டி கொண்டுவரவில்லை. குளித்து, வெளுத்த சேலை கட்டி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள்.

“அத்த, வாங்க. சாப்புடுதியளா?” என்று எழுந்தாள் தங்கபுஷ்பம். கை தானாகவே முக்காட்டை இழுத்துப் பிடித்தது.

“நான் திங்க வரல,” என்றாள் பேச்சித்தாய். தரையில் உட்கார்ந்தாள். “ஊர்ப் பொம்பளைக எல்லாரும் ஒண்ணுபோல மூடிக்கிட்டா எனக்குத் தெரியாம இருக்கும்னு நெனச்சியளாட்டி? எல்லா வீட்டுப் படியும் ஏறுறவ நான். எல்லாத் தலையையும் பாத்தாச்சு. பாக்காத தலை ஒண்ணே ஒண்ணு.”

தனசிங் கையை உதறிவிட்டு எழுந்தான். “அத்த, அவளுக்குக் காய்ச்ச வந்த தலை. அதான்...”

“நீ சும்மா இரு தம்பி. ஏட்டி புஷ்பம், இங்கன வந்து உக்காரு. முதுகக் காட்டி உக்காரு.”

தங்கபுஷ்பம் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முக்காட்டை அவளே எடுத்தாள். முடி இடுப்புவரை சரிந்து இறங்கியது. பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. தனசிங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கை வந்து தொட்டது. கருவாட்டு உப்பு ஏறிய, முள் கீறிய, சொரசொரத்த கை. அது உச்சிக்குப் போனது, இடதுபக்கச் சுழியைத் தேடிக் கண்டுபிடித்தது, அங்கேயே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. தங்கபுஷ்பம் ஓலத்துக்காகக் காத்திருந்தாள். தெருவிலும் காத்திருந்தார்கள், ஜன்னல்களில் மூடிய தலைகள் அசையாமல் இருந்தன. ஓலம் வரவில்லை. விரல்கள் மட்டும் முடிக்குள் இறங்கி, காதோரம், பிடரி, நுனி என்று மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தன, மீனின் வயிற்றுக்குள் விரல்விட்டு அது எந்தக் கடலில் மேய்ந்தது என்று பார்க்கிற மாதிரி.

“நரைச்சிருக்கு,” என்றாள் பேச்சித்தாய்.

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏ புள்ள, நரைச்சிருக்குங்கேன். போகும்போது அவளுக்கு நரையா இருந்துச்சு? பதினெட்டு வயசுக் கொமரி.” குரல் ஏறியது. “பஸ்ஸ விட்டு எறங்குன அன்னைக்கே எவனோ என் புள்ளைய கொன்னு போட்டுட்டான்னுதானட்டி இந்த ஊரே நெனச்சுது? எங்கிட்டச் சொல்லல, நெனச்சுது. நானும் நெனச்சேன். ஒவ்வொரு நாளும் நெனச்சேன். அவ நரைக்கிற மட்டும் இருந்திருக்கா. இப்பத்தான் போயிருக்கா.”

சீப்பை வாங்கினாள். இழுத்தாள். பஞ்சு வந்தது.

“இது என்ன?”

“தெரியல அத்த. தெனமும் வருது. அலசினாலும் வருது.”

“மில்லுப் பஞ்சு,” என்றான் தனசிங், திரும்பாமலே. “லோடு கொண்டுபோறப்ப பாத்திருக்கேன். நூல்மில்லுல வேல பாக்குற பொம்பளைகளுக்குத் தல முழுக்க இதான் இருக்கும்.”

பேச்சித்தாய் மறுபடி இழுத்தாள். சீப்பின் பல்லில் ஒரு பேன் ஊர்ந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தாள், நசுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு ஏதுட்டி பேனு?”

தங்கபுஷ்பத்துக்கு முகம் சுட்டது. “இந்த முடியோடதான் வந்துது.”

“பள்ளிக்கூடம் போற பிள்ள பக்கத்துல ஒட்டிப் படுக்காம, முப்பது வயசு தாண்டுன பொம்பளைக்குப் பேனு எங்கேருந்து வரும்?” என்றாள் பேச்சித்தாய். சொல்லிமுடித்த பிறகுதான், தான் சொன்னது தனக்கே கேட்டது. நகத்திலிருந்த பேன் எங்கோ விழுந்தது. அவள் அதைத் தேடினாள், தரையில் இரண்டு கையாலும் தடவித் தேடினாள், தொலைந்துபோன மூக்குத்தியைத் தேடுகிற மாதிரி. தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓலம் வந்தது. அது பல வருஷத்துக்கு முந்தைய ஓலம்; பஸ் போன நாளிலிருந்து தொண்டையில் தங்கியிருந்தது. தெருக்கதவுகள் திறந்தன. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், வந்து வாசலில் முக்காட்டை எடுத்தார்கள். லூர்தம்மாவின் வெள்ளைச் சுருளும், மரகதத்தின் மாமியாருடைய எலிவால் கொண்டையும், அலையில் போனவளின் இடுப்பளவுக் கூந்தலும், இன்னும் ஊரில் செத்துப்போன அத்தனை பெண்களின் முடியும் அந்தச் சின்ன வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, கைகோத்து, கோமுவுக்காக மாரடித்து அழுதன.

காரியமெல்லாம் முறைப்படி நடந்தது. பீரோவில் துண்டில் சுற்றியிருந்த முடியைத்தான் உடம்பாக வைத்து எரித்தார்கள். பதினாறு முடிந்த மறுநாள் பேச்சித்தாய் வந்து கேட்டாள்: “ஏட்டி, எங்கூட வாரியா?”

அதற்குப் பிறகு லீவு கிடைத்த நாளெல்லாம் இருவரும் பஸ் ஏறினார்கள். ராஜபாளையம், விருதுநகர், திண்டுக்கல், வேடசந்தூர், பல்லடம் என்று மில்லுள்ள ஊர்களாகப் பார்த்து இறங்கி, ஷிப்டு விடுகிற நேரத்தில் மில் வாசல் தெருவில் நடந்தார்கள். தங்கபுஷ்பம் முன்னால் நடப்பாள், தலையை மூடாமல், முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு. பேச்சித்தாய் பத்தடி பின்னால் வருவாள், எதிரே வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டு. யாராவது அந்த முடியைக் கண்டு நிற்கிறார்களா என்று. யாரும் நிற்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பேச்சித்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவாள். தங்கபுஷ்பத்துக்குத் தூக்கம் வராது. மடியில் கிடக்கிற பின்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள். இது விழுந்துபோனால் என்று ஒரு பயம் அவளுக்கு வந்திருந்தது. மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்தாள், தனசிங்கே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அதனால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் தொடங்கின சமயத்தில், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு மில் ஊரில், டீக்கடை வாசலில் ஒரு பெண்ணின் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்தது.

“செல்வியக்கா!” என்று கத்தினாள் அவள். ஓடிவந்து தங்கபுஷ்பத்தின் தோளைத் திருப்பினாள், முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “மன்னிச்சுக்கோங்க. எங்கூட வேல பார்த்தவங்க மாதிரியே... ஆனா அவங்க...”

“செத்துட்டாளா?” என்றாள் பேச்சித்தாய் பின்னாலிருந்து.

அந்தப் பெண் தலையாட்டினாள். கோமு அந்த ஊரில் செல்வி என்ற பெயரில்தான் இருந்திருக்கிறாள். பங்குனியில் மஞ்சள்காமாலை என்றாள். புருஷன் அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றாள். சொந்த ஊர் எதுவென்று கேட்டால் சிரிப்பாளாம், சொல்லமாட்டாளாம். பொங்கலுக்குப் பொங்கல் ஊருக்குப் போகணும், அம்மாவைப் பார்க்கணும் என்று துணியெல்லாம் எடுத்துவைப்பாளாம், பிறகு போகமாட்டாளாம். ஏன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அதை இனி கோமுவிடம் கேட்க முடியாது, கோமுவின் முடியிடமும் கேட்க முடியாது.

“புள்ள?” என்றாள் பேச்சித்தாய். அவள் குரல் கேட்கவே இல்லை, உதடுதான் அசைந்தது.

“இருக்காளே. நான்தான் வெச்சிருக்கேன். மூணாவது படிக்கிறா. பேச்சியம்மான்னு பேரு.”

பேச்சித்தாய் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் வீடு மில் லைனில் கடைசி. ஒரே அறை, வாசலில் வேப்பமரம். பள்ளிக்கூடம் விட்டு வரட்டும் என்று காத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் வாசற்படியில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பயணத்தில் இறுகிப்போன பின்னலை அவிழ்த்து உதறிவிட்டாள். மழை ஈரத்தில் அந்தச் செம்பு முடி விரிந்து முதுகு முழுவதையும் மூடியது. பேச்சித்தாய் உள்ளே சுவரோரம் நின்றாள். பேத்தியின் முகத்தை முதலில் பார்க்கப்போவது தான்தான் என்று நின்றாள்.

தெருவில் சிறு பிள்ளையின் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. ஓடிவந்து நின்றது. புத்தகப்பை தரையில் விழுந்தது.

உள்ளே நின்ற பேச்சித்தாயின் முகம் மாறுவதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். திரும்பாதே என்று பேச்சித்தாய் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

காலடி மெல்ல மெல்ல வந்தது. படியில் ஏறாமல் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது. சின்னக் கை ஒன்று வந்து காதோரத்து முடியில் கொஞ்சத்தைப் பிரித்தெடுத்தது, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று, தூங்கப்போகிற பிள்ளை சுற்றுகிற மாதிரி. பிறகு ஒரு கன்னம், வெயிலும் மழையும் பட்டுச் சூடும் ஈரமுமாய், அந்த முடியில் பதிந்தது. தங்கபுஷ்பம் கழுத்தை அசைக்கவில்லை. கால் மரத்தது, மழை பெரிதாகி மடியை நனைத்தது, உள்ளே பேச்சித்தாய் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு நின்றாள். திரும்பினால் அங்கே இருப்பது வேறு யாருடைய முகமோதான் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். திரும்பாமல் இருக்கிறவரை அந்தப் பிள்ளைக்கு அம்மா இருந்தாள். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.